ஆற்றைக் காட்டும் படம், ஆற்றைக் கெடுக்கலாமா?

போடிநாயக்கனூரில் இருந்து சுமார் 15 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது, குரங்கணி. மலை அடிவாரத்து ஊர். பக்கத்தில் கொட்டக்குடி ஆறு ஓடுகிறது. மேலே ஏலக்காய்த் தோட்டங்கள். அதற்கும் மேலே "டாப் ஸ்டேஷன்". அதைத் தாண்டினால் மூணாறு.

இந்த ஊருக்குச் சினிமாக்காரர்கள் புதியவர்கள் அல்ல. பிரபு சாலமன் டைரக்ட் செய்த "மைனா" படம் இந்தப் பக்கத்து மலைகளில்தான் எடுக்கப்பட்டது. 2010-ம் ஆண்டு தீபாவளிக்கு வந்தது. அதில் நடித்த தம்பி ராமையாவுக்குத் தேசிய விருதும் கிடைத்தது.

காமிரா வந்தால் ஊருக்கே கொண்டாட்டம்தான். ஆனால், காமிரா போன பிறகு மலை எப்படி இருக்கிறது? ஆறு எப்படி இருக்கிறது? அதையும் கேட்க வேண்டும் அல்லவா?

இதற்கு, அமெரிக்காவில் எடுத்த ஒரு மீன்பிடிப் படம் நல்ல பாடம்.

பொய் ஈ

நம் ஊரில் தூண்டில் முள்ளில் மண்புழுவைக் கோர்ப்பார்கள். வெள்ளைக்காரர்களிடம் இன்னொரு முறை உண்டு. முள்ளின் மேல் இறகையும் நூலையும் சுற்றி, ஈயைப் போலவே செய்வார்கள். அதைத் தண்ணீர் மேல் மிதக்க விடுவார்கள். உண்மையான பூச்சி என்று நினைத்து மீன் கவ்வும்!

இந்தப் பொய் ஈக்கு எடையே இல்லை. பிறகு எப்படித் தூரமாக எறிவது? அதற்காகவே கயிற்றைக் கனமாகச் செய்திருக்கிறார்கள். கோலை முன்னும் பின்னும் வீசினால், கயிறு காற்றில் வளைந்து வளைந்து போகும். ஈ அதன் பின்னாலேயே போய் விழும்.

இந்த வித்தை நம் மலைகளுக்கும் வந்தது. 1907-ம் ஆண்டு நீலகிரியில் அவலாஞ்சியில், "டிரவுட்" மீன் குஞ்சு பொரிக்கும் பண்ணை அமைத்தார்கள். மூணாறு தோட்டத் துரைமாரும் மலை ஓடைகளில் அந்த மீனை விட்டு வளர்த்தார்கள்.

காமிராவின் வேலை

1992-ம் ஆண்டு ராபர்ட் ரெட்போர்டு என்பவர், "எ ரிவர் ரன்ஸ் த்ரூ இட்" என்ற படத்தை எடுத்தார். நார்மன் மக்ளீன் எழுதிய கதை. ஒரு பாதிரியார், அவருக்கு இரண்டு மகன்கள். மூவரும் ஆற்றில் மீன் பிடிக்கிறார்கள். படம் பிடித்த பிலிப் ரூஸ்லோவுக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது.

மீன் பிடிப்பதைப் படம் எடுப்பது லேசான வேலை அல்ல. தூண்டில் கயிறு மெல்லியது. வெயில் பின்னால் இருந்து பட்டால்தான், அது வெள்ளிக் கம்பி போல மின்னும். தண்ணீரின் பளபளப்பு கண்ணைக் கூசச் செய்யும். அதைக் குறைக்கக் காமிராவுக்குத் தனிக் கண்ணாடி மாட்ட வேண்டும். நிழல் விழுந்தாலே மீன் ஓடிவிடும். ஆகவே, தூரத்தில் நின்று எடுக்க வேண்டும்.

நடிகர் பிராட் பிட்டுக்குப் பதிலாக, முக்கியமான காட்சியில் தூண்டில் வீசியவர் ஜேசன் போர்கர் என்ற நிபுணர். வேலை தெரிந்த கை வேலை செய்தால்தான் படம் உயிரோடு இருக்கும்.

ஏலக்காய் மூட்டை

இது நம் மலைக்கும் பொருந்தும். 2018-ம் ஆண்டு லெனின் பாரதி டைரக்ட் செய்து, "மேற்குத் தொடர்ச்சி மலை" வந்தது. தேனி ஈஸ்வர் ஒளிப்பதிவு செய்தார். மலையில் இருந்து ஏலக்காய் மூட்டை சுமந்து இறங்கும் கூலித் தொழிலாளி ரங்கசாமியின் கதை. மூட்டை சரிவில் உருண்டு சிதறுகிறது. நிலம் வாங்கும் கனவும் சேர்ந்து உருளுகிறது! மலைப் பக்கத்து ஜனங்களே பலர் அதில் நடித்தார்கள். அதனால்தான் அந்தச் சுமை, பார்ப்பவர் தோளிலும் கனக்கிறது.

ஆறு எங்கே?

அமெரிக்கப் படத்துக்கு வருவோம். கதை நடப்பது பிளாக்பூட் ஆற்றில். ஆனால், மீன்பிடிக் காட்சிகளைப் பெரும்பாலும் எடுத்தது கல்லட்டின் முதலிய வேறு ஆறுகளில்! ஏன்? மரம் வெட்டியும் சுரங்கம் தோண்டியும் பிளாக்பூட் ஆற்றைக் கெடுத்து இருந்தார்கள். 1975-ல் சுரங்கக் கழிவைத் தேக்கிய அணை உடைந்து, நஞ்சும் கலந்தது.

ஆற்றின் கதைக்கு அந்த ஆறே உதவவில்லை. இதைவிட வெட்கம் என்ன வேண்டும்?

படம் வந்த பிறகு இரண்டு காரியங்கள் நடந்தன. ஆற்றைச் சீர்படுத்தும் வேலைக்கு ஊக்கம் பிறந்தது. அது நன்மை. தூண்டிலும் கையுமாக மான்டானா ஆறுகளுக்குக் கூட்டம் பெருகியது. அது தொல்லை.

அழகாகக் காட்டினால் ஆள் வரத்தான் செய்யும். குரங்கணி மலையும் அழகுதான். ஆனால், கோடையில் அங்கே புல் காய்ந்து கிடக்கும். 2018-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி, மலை ஏறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கினார்கள். 20-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்தத் துயரத்தை யார் மறக்க முடியும்?

செய்ய வேண்டியது

ஆகவே, மலையில் படம் எடுப்பவர்களுக்குச் சில கடமைகள் உண்டு. வனத்துறையின் அனுமதி இல்லாமல் காட்டில் கால் வைக்கக் கூடாது. சமையலுக்கோ காட்சிக்கோ காட்டில் தீ மூட்டக் கூடாது. கொண்டு போன பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டு வர வேண்டும். வழிகாட்ட உள்ளூர் ஆட்களை அமர்த்தி, நியாயமான கூலி கொடுக்க வேண்டும்.

மீனைப் படம் எடுப்பதிலும் தர்மம் உண்டு. மீன் உடம்பில் உள்ள வழவழப்புதான், நோய் வராமல் காக்கும் கவசம். காய்ந்த கையால் பிடித்தால் அது போய்விடும். தண்ணீருக்கு வெளியே மீன் மூச்சுத் திணறும். ஒரு போட்டோவுக்காக அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பது வீரம் அல்ல. கையை நனைத்து, தண்ணீரிலேயே வைத்துப் படம் எடுத்து, உடனே விட்டுவிட வேண்டும்.

பார்ப்பவர்களுக்கும் பொறுப்பு உண்டு. திரையில் பார்த்த இடத்துக்குக் குழந்தைகளோடு போகலாம். ஆனால், போனவர்கள் அங்கே விட்டுவிட்டு வர வேண்டியது காலடித் தடம் மட்டும்தான்.

படம் சில வாரம் ஓடும். ஆறு என்றும் ஓட வேண்டும்.