துணிந்தவர்களைக் கைவிடக் கூடாது

வந்தே பாரத் ரயிலின் பிறப்பிடம் சென்னை பெரம்பூர். அங்குள்ள ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலை 2018இல் 'ட்ரெயின் 18' என்ற பெயரில் அதை உருவாக்கியது. தனி என்ஜின் கிடையாது. இழுவைக் கருவிகள் பெட்டிகளுக்கு அடியில். பொது மேலாளராக இருந்த சுதான்ஷு மணியின் தலைமையில் 16 பெட்டிகளைச் சுமார் 18 மாதங்களில், ஏறத்தாழ 100 கோடி ரூபாயில் நம் பொறியாளர்களும் தொழிலாளர்களும் கட்டி முடித்தார்கள். 2019 பிப்ரவரி 15 அன்று பிரதமர் கொடியசைத்தார்.

அதன் பிறகு நடந்தது வேதனைக்குரியது. மின்கருவிக் கொள்முதல் பற்றிய புகாரில் கண்காணிப்புப் பிரிவின் விசாரணை வந்தது. திட்டத்தில் பங்காற்றிய அதிகாரிகள் சிலர் இடமாற்றம் செய்யப்பட்டார்கள். இரண்டாவது ரயில் 2019 அக்டோபரில் ஓடியது. மூன்றாவது ரயிலை 2022 செப்டம்பரில்தான் பார்த்தோம். அடுத்த ரயில்களுக்கான டெண்டர் ரத்தானதும் கொரோனாவும் தாமதத்துக்குக் காரணங்கள்தாம். ஆனால், ஒரு குழு கலையும்போது அதனுடன் போய்விடும் அனுபவத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எந்தக் கருவி சோதனையில் மக்கர் செய்தது, அதை எப்படி வழிக்குக் கொண்டுவந்தார்கள் என்பதெல்லாம் வரைபடத்தில் இருக்காது, செய்தவர்களிடம்தான் இருக்கும். சந்தேகத்துக்கு ஆளானவர் அதை அடுத்தவருக்கு வாய்திறந்து சொல்வாரா? பார்த்துக்கொண்டிருக்கும் இளம் பொறியாளர், 'நமக்கேன் வம்பு' என்று கோப்பை மேலே தள்ளிவிடுவார். புது யோசனை அங்கேயே செத்துப்போகும்.

பொதுப்பணம் செலவாகும் இடத்தில் கேள்வி கேட்கத்தான் வேண்டும். லஞ்சம் வாங்கியவரைத் தண்டிப்பதில் தயவு தாட்சண்யம் கூடாது. ஆனால் நல்லெண்ணத்தில் எடுத்த முடிவையும் உள்நோக்கத்தோடு செய்த முறைகேட்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையமே ஏற்றுள்ள நெறி. அது காகிதத்தில் தங்கிவிடுகிறது.

ரயில்வே வாரியம் இதை மாற்ற வேண்டும். புதிய தொழில்நுட்பத் திட்டங்கள் மீதான புகார்களை, அந்தத் துறை தெரிந்த வல்லுநர்கள் முதலில் ஆராயட்டும். விசாரணைக்குக் காலக்கெடு வேண்டும். குற்றம் இல்லை என்று தெரிந்தால், விசாரணையால் தள்ளிப்போன பதவி உயர்வை முன்தேதியிட்டு வழங்க வேண்டும். அந்த முடிவை எழுத்தில் பகிரங்கமாக அறிவிக்கவும் வேண்டும். துணிந்து கையெழுத்திட்ட அதிகாரிக்கு ரயில்வே நிர்வாகம் பட்டிருக்கும் குறைந்தபட்சக் கடன் இது.