வெள்ளை விமானமும் வண்ண வட்டமும்

யுத்த விமானத்தைப் பொம்மையாகச் செய்து அலமாரியில் வைப்பது சிறுபிள்ளை விளையாட்டு என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு செய்தி சொல்வோம். 1942-ம் வருஷத்தில் அமெரிக்கக் கடற்படையார் தங்கள் நாட்டுப் பள்ளிக்கூடங்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார்கள். ஐந்து லட்சம் விமான மாதிரிகள் வேண்டும், அவற்றை மாணவர்களே செய்து தர வேண்டும் என்பதுதான் அது. பிள்ளைகள் மரத்தில் செதுக்கிக் கறுப்பு வர்ணம் பூசிக் கொடுத்த அந்த மாதிரிகளைக் கொண்டு, வானத்தில் வருவது சொந்த விமானமா, பகை விமானமா என்று அறிய வீரர்கள் பழகினார்கள்.

அந்த மாதிரிகளின் அளவு எழுபத்திரண்டில் ஒரு பங்கு. அதாவது ஆறடிக்கு ஓர் அங்குலம். 35 அடி தூரத்தில் அதைப் பிடித்துக் காட்டினால், நிஜ விமானம் ஏறக்குறைய அரை மைல் தூரத்தில் எப்படித் தெரியுமோ அப்படித் தெரியும். விளையாட்டுப் பொருளுக்குள் எவ்வளவு கணக்கு இருக்கிறது, பாருங்கள்!

இந்த வேலைக்குத் தஞ்சை ஜில்லாவைப் போல் தகுந்த இடம் வேறு இல்லை என்பது நம் அபிப்பிராயம். மாட்டுப் பொங்கலன்று மாடுகளின் கழுத்தில் நெட்டி மாலை கட்டாத வீடு காவிரிக் கரையில் அபூர்வம். தண்ணீர் தேங்கிய குளம் குட்டைகளில் வளரும் அந்தச் செடியின் தண்டைச் சீவினால், தந்தம் போன்ற வெண்மை. கையில் எடுத்தாலோ பஞ்சு போன்ற கனம். பெரிய கோவிலையே கண்ணாடிப் பெட்டிக்குள் அடக்கிக் காட்டும் தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020-ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. கோபுரம் செய்த கத்திக்கு விமானம் செய்வது பெரிய காரியமா?

எந்த விமானத்தைச் செய்வது? நம்மவர் ஓட்டிய ஹரிக்கேனைச் செய்யலாம். நிஜ விமானத்தின் இறக்கை முனைக்கு முனை 40 அடி. மாதிரியில் ஆறே முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. முதலில் மேல்தோற்றத்தையும் பக்கத் தோற்றத்தையும் அட்டையில் வெட்டிக் கொள்ள வேண்டும். நெட்டித் துண்டுகளை ஒட்டிக் காயவைத்து, அட்டையை வைத்துக் கோடிட்டு, கூரிய கத்தியால் சிறிது சிறிதாகச் சீவ வேண்டும். அவசரப்பட்டால் நெட்டி பிய்ந்துவிடும். இறக்கைகளுக்குள் மெல்லிய மூங்கில் சிம்பு ஒன்றைச் செலுத்தினால் அவை தொங்காமல் நிற்கும். இறக்கைக்கு இரண்டாக நீட்டிக் கொண்டிருக்கும் நான்கு பீரங்கிக் குழல்களுக்குத் தென்னை ஈர்க்கு போதும்.

நுணுக்கம் இனிமேல்தான். ஹரிக்கேனின் பின்பாதி உலோகத் தகடு அன்று. மரச் சட்டங்களின் மேல் இழுத்துப் போர்த்திய துணி. ஆகவே விமானியின் ஆசனத்துக்குப் பின்னால் வால் வரையில், மழுங்கிய ஊசியால் நீளவாட்டில் மெல்லிய கோடுகள் அழுத்த வேண்டும். இதைக் கவனியாமல் விட்டால் அது ஏதோ ஒரு விமானமாக இருக்கும், ஹரிக்கேனாக இராது.

நெட்டிக்கு வெண்மையே அழகு. வர்ணம் பூசிக் கெடுக்க வேண்டாம். இறக்கையிலுள்ள வட்டச் சின்னத்துக்கு மட்டும் வர்ணம் போதும். இங்கேதான் தேசாபிமானத்துக்குச் சோதனை வருகிறது.

1944-ல் இம்பாலில் நமது முதலாவது விமானப் பிரிவு ஹரிக்கேன்களில் பறந்தது. அதன் தலைவர் அர்ஜன் சிங்; பிற்காலத்தில் விமானப்படையின் மார்ஷலாக உயர்ந்தவர். அவர்கள் விமானத்தில் இருந்தது நம் கொடியின் வர்ணமன்று; ஆங்கிலேயரின் வட்டம். அதிலும், ஜப்பானியரின் சிவப்பு வட்டத்தோடு குழப்பம் நேரக் கூடாதென்று சிவப்பை நீக்கி, கருநீலமும் வெளிர்நீலமுமாக மாற்றிய வட்டம். அதே வருஷத்தில் அதே இம்பாலை நோக்கித் தரை வழியே வந்தது நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம். அந்த ராணுவத்தில் மலேயாத் தமிழர்கள் ஏராளமாகச் சேர்ந்திருந்தார்கள். வானத்திலும் இந்தியர், எதிரே தரையிலும் இந்தியர்! அடிமை நாட்டின் துர்ப்பாக்கியத்துக்கு இதைவிட வேறு சாட்சி எதற்கு?

அதை நினைத்து, ஹரிக்கேன் மீது அசோகச் சக்கரத்தையோ மூவர்ணத்தையோ தீட்டிவிடலாம் என்று கை துடிக்கும். தீட்டக் கூடாது என்போம். சக்கரம் வந்தது சுதந்திரத்துக்குப் பிறகு. காவி, வெள்ளை, பச்சை வட்டம் அதற்கும் பின்னால். இல்லாத சின்னத்தை இருந்ததாகக் காட்டினால், அந்நியச் சின்னத்தைத் தாங்கிப் பறந்த பிள்ளைகளின் சங்கடமும் மறைந்து போகும். எதிரே நின்றவர்களின் தியாகமும் மறைந்து போகும்.

மூவர்ணம் தீட்ட ஆசையுள்ளவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. உலக யுத்த காலத்தில் தஞ்சாவூரில் போட்ட ஓடுபாதை, 2013-ல் நமது விமானப்படை நிலையமாயிற்று. 2020 ஜனவரியில் சுகோய்-30 போர் விமானப் பிரிவு ஒன்று அங்கே வந்து சேர்ந்தது. அந்த விமானத்தின் நீளம் ஏறக்குறைய 72 அடி. மாதிரியில் சரியாக ஓரடி. அதையும் நெட்டியிலே செய்து, மூவர்ண வட்டத்தைத் தீட்டி, நீல வட்டமுள்ள ஹரிக்கேனுக்குப் பக்கத்தில் வையுங்கள். இரண்டு வட்டங்களுக்கும் என்ன வித்தியாசம் என்று வீட்டுக் குழந்தை கேட்கும். அப்போது சொல்லுவதற்கு நம்மிடம் விஷயம் இருக்கிறது.