களிம்பு செய்த கலகம்

சென்ற ஐப்பசி மழைக்குப் பிறகு எதிர்வீட்டு நண்பரின் மின்சாரச் சைக்கிள் ஒரு விசித்திர வியாதிக்கு ஆளாயிற்று. சமதரையில் சாதுவாக ஓடும். மேம்பாலத்து ஏற்றத்தில் பாதி தூரம் சென்றதும் மூச்சற்று நின்றுவிடும். சற்றுப் பொறுத்துச் சாவியைத் திருப்பினால் மறுபடியும் உயிர் வரும்.

அதில் கல்லூரிக்குப் போய் வருபவள் நண்பரின் மகள். பின்னால் லாரி வருகையில் பாலத்தின் நடுவே வண்டி நின்ற தினத்தன்று, வீட்டில் இரண்டு யோசனைகள் பிறந்தன. கடைக்காரர் சொன்னபடி புதுப் பாட்டரி வாங்குவது ஒன்று. பெண்ணின் சவாரியையே நிறுத்திவிடுவது மற்றொன்று. முன்னதற்குக் கையில் பணமில்லை. பின்னதே முடிவாகிவிடும் போலிருந்தது. அந்தச் சமயத்தில்தான் நம்மை அழைத்தார்கள்.

48 வோல்ட் லிதியம் பாட்டரியில் பெரும்பாலும் 13 அடுக்கு மின்கலங்கள் உண்டு. முழுதும் மின்னேறினால் 54.6 வோல்ட் காட்டவேண்டும். மல்டிமீட்டரில் 54 காட்டிற்று. "அப்படியானால் பாட்டரி நல்லதுதானே, மாமா?" என்றாள் பெண்.

அதற்குள் நற்சாட்சிப் பத்திரம் கொடுத்துவிடலாகாது. மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் அற்பம். ஏற்றத்தில் மோட்டார் இழுப்பதோ 15 ஆம்பியர் வரை இருக்கும். ஜெர்மனியில் நம்மைப்போல் பள்ளி ஆசிரியராயிருந்த ஜார்ஜ் ஸைமன் ஓம் 1827-இல் வெளியிட்ட விதி இங்கே கைகொடுக்கிறது. வழியில் ஓர் இணைப்பு தளர்ந்து 1 ஓம் தடை உண்டானால், 15 வோல்ட் அங்கேயே தொலைந்துபோகும். மிஞ்சுவது 39. பாட்டரி தீர்ந்ததென்று எண்ணி, கண்ட்ரோலர் மோட்டாரை நிறுத்திவிடுகிறது. ஓட்டம் நின்றதும் வோல்ட் திரும்புகிறது, வண்டியும் பிழைக்கிறது! பாட்டரி கிழடானாலும் இதே குறி தோன்றும். ஆகையால்தான் செலவில்லாத பரீட்சையை முதலில் செய்யவேண்டும்.

பரீட்சைக்கு ஒரு வரிசை உண்டு. விளக்கே எரியாவிடில் சாவி, ப்யூஸ், பாட்டரி தன் இருக்கையில் சரியாக அமர்ந்திருக்கிறதா என்பவற்றைப் பார்க்கவேண்டும். விளக்கு எரிந்தும் சக்கரம் சுழலாவிடில் பிரேக் பிடியிலுள்ள சிறு ஸ்விட்சைச் சந்தேகிக்கலாம். அது சிக்கிக்கொண்டால், பிரேக் பிடித்திருப்பதாகவே வண்டி நினைத்துக்கொள்ளும். சக்கரம் திக்கித் திணறினால் மோட்டாருக்குச் செல்லும் கம்பி அச்சருகே நசுங்கியிருக்கக்கூடும். ஏற்றத்தில் மட்டும் நின்றால், பாட்டரிக்கும் கண்ட்ரோலருக்கும் இடையேயுள்ள தடித்த கம்பிகளின் முனைகளே முதற்குற்றவாளிகள்.

சாவியை அணைத்து, பாட்டரியைக் கழற்றிவிட்டு, முனைகளைப் பிரித்துப் பார்த்தோம். ஒன்றில் பச்சைக் களிம்பு. அதன் பிளாஸ்டிக் உறை பழுப்பேறி இளகியிருந்தது. ஆச்சரியமில்லை. 0.2 ஓம் தடையில் 15 ஆம்பியர் ஓடினாலே 45 வாட் வெப்பம் உண்டாகும். பற்றுவைக்கும் கோலின் சூடு அது.

செப்புக் குடமாயின் புளி போட்டுத் துலக்கலாம். இங்கே அது கூடாது. புளியின் அமிலமும் ஈரமும் தங்கி மீண்டும் அரிக்கும். இலேசான களிம்பாயின் கடையில் விற்கும் காண்டாக்ட் கிளீனர் போதும். உறை இளகிய முனையை மாற்றியே தீரவேண்டும். தெருக்கோடி டெலிவிஷன் ரிப்பேர்க்காரர் புது ஜோடியைப் பற்றுவைத்துக் கொடுத்தார். செலவு, இருவர் சிற்றுண்டி சாப்பிடும் தொகை.

ஓர் எச்சரிக்கை. சிவப்பு, கறுப்புக் கம்பிகளின் நுனிகள் ஒன்றையொன்று தொடவே கூடாது. பாட்டரியின் பெட்டியை வீட்டில் திறப்பதும் தகாது. அது உப்பியிருந்தாலோ, நீரில் மூழ்கியிருந்தாலோ, மின்னேற்றாமல் தேர்ந்தவரிடம் ஒப்படையுங்கள். லிதியம் தீப்பற்றினால் எளிதில் அடங்காது.

மறுநாள் காலை பெண் பாலத்தை நிற்காமல் ஏறிக் கடந்தாள். மாலையில் திரும்பியதும், பாட்டரியைக் கழற்றிவிட்டு, முனை சுடுகிறதா என்று தானே தொட்டுப் பார்த்தாள். சுடவில்லை. அவளுடைய சவாரியை நிறுத்தும் பேச்சு அத்துடன் அந்த வீட்டில் அடங்கியது.