பிரிண்டர் மேல் பழி போடாதீர்கள்!

பெருந்துறையில் எங்கள் வீட்டு மாடிக்கு வைஃபை எட்டவில்லை என்று அப்பா இரண்டாவதாக ஒரு ரூட்டர் வாங்கினார். கடைக்காரரே வந்து மாட்டினார். அன்று முதல் மாடியில் உள்ள பிரிண்டர் கீழே உள்ள கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. "பிரிண்டர் போச்சுங்க, புதுசு வாங்கிருங்க" என்றார் அவர். அப்பாவும் பணம் எடுத்து வைத்துவிட்டார்.

விடுமுறைக்குப் போன நான் ஐ.பி. முகவரிகளைத்தான் முதலில் பார்த்தேன். கம்ப்யூட்டரில் ஐபிகான்ஃபிக் கட்டளை கொடுத்தால் அதன் முகவரி தெரியும். பிரிண்டரின் முகவரி அதன் நெட்வொர்க் மெனுவில் இருக்கும். கீழே 192.168.1 என்றும், மாடியில் 192.168.0 என்றும் தொடங்கின. வீட்டு ரூட்டர்களில் பொதுவாக மூன்றாவது எண் மாறினால் நெட்வொர்க்கே வேறு. இரண்டிலும் இன்டர்நெட் வரும். ஆனால் கீழிருந்து மாடிக்குள் நுழைய முடியாது.

மாடி ரூட்டரை ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றினேன். பிரிண்டரை அணைத்துப் போட்டு, கம்ப்யூட்டரில் மறுபடி சேர்த்தேன். பிரிண்ட் வந்துவிட்டது. செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

என் கருத்து இதுதான். ரூட்டர் மாட்ட வருபவர் இன்டர்நெட்டைக் காட்டியதும் அனுப்பிவிடாதீர்கள். கீழிருந்து ஒரு பக்கம் பிரிண்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அதன் பிறகு பணம் கொடுங்கள்.