குமிழை விட்டால் அணையும் அடுப்பு

அண்ணா நகர் வீடொன்றில் லட்ச ரூபாய் ஹாப் அடுப்பு. பற்றுகிறது, குமிழிலிருந்து கையை எடுத்ததும் அணைகிறது. கம்பெனி ஆள், "வால்வு செட்டையே மாத்தணும்மா" என்று 18,000 ரூபாய்க்குக் கணக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அடுப்பு ரிப்பேர் என் தொழில். இப்படிக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும்.

பர்னர் ஓரமாகச் சிறு குச்சிபோல நிற்பது தெர்மோகப்பிள். தீயில் சூடானால் சில மில்லிவோல்ட் மின்சாரம் தரும். கேஸ் வால்வைத் திறந்தபடி பிடித்திருப்பது அதுதான். தீ அணைந்தால் கேஸும் நிற்கும். இங்கே அதன் நுனியில், பொங்கி வழிந்த பால் கருகி அப்பியிருந்தது. நைஸ் உப்புத்தாளால் தேய்த்தேன், அடியில் தளர்ந்திருந்த இணைப்பை இறுக்கினேன். எரிந்தது. (கேஸ் நாற்றம் அடித்தால் மட்டும் நீங்களாக எதையும் தொடாதீர்கள்.)

அந்தக் குச்சியே கெட்டாலும் அதை மட்டும் மாற்றலாம். ஆனால், கம்பெனியில் கேட்டால் "தனியா வராது சார்" என்கிறார்கள். பழுதுபார்க்கும் உரிமைக்கென மத்திய அரசு 2022 டிசம்பரில் இணையதளம் தொடங்கியது, நல்லதுதான். அது போதாது, உதிரிபாகத்தைத் தனியாக விற்பதைக் கட்டாயமாக்க வேண்டும்.

அதுவரை, ஹாப் வாங்கும்போதே கடையில் கேளுங்கள்: தெர்மோகப்பிள் தனியாகக் கிடைக்குமா, என்ன விலை? பதிலை பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.