திறந்த இல்லம், திறந்து கிடந்த கோப்புகள்

தீபாவளி திறந்த இல்ல உபசரிப்புக்கு வருகிறவர்கள், முறுக்குத் தட்டு வருவதற்கு முன்பே வைஃபை கடவுச்சொல்லைக் கேட்டுவிடுகிறார்கள். நாமும் மறுப்பதில்லை. போன தீபாவளியன்று ஈப்போ, புந்தோங்கில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்த உறவுக்காரப் பையன் கைப்பேசியைத் தட்டிக்கொண்டே, "அக்கா, பாட்டியோட சிவப்பு ஐசி இதுல இருக்கே!" என்றான். அதே கோப்புறையில் அம்மாவின் மருத்துவ அறிக்கையும் இருந்தது.

எங்கள் தொலைக்காட்சிக்குக் கீழே இரண்டு வன்தட்டுகள் கொண்ட சிறிய பெட்டி ஒன்று இருக்கிறது. நாஸ் என்பார்கள். வீட்டிலுள்ள எல்லாருடைய படங்களும் பத்திரங்களும் அதில்தான் இருக்கின்றன. அதைப் பொருத்தியவள் நான். தொலைக்காட்சியில் படம் ஓட்ட வசதியாக இருக்கட்டும் என்று, கடவுச்சொல் இல்லாமலே யாரும் திறக்கும்படி விட்டிருந்தேன். குற்றம் பெட்டியுடையது அல்ல.

பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பிறப்புப் பத்திரம் இல்லாததால் தோட்டத்து மக்கள் பட்ட பாடு நம் வாசகர்களுக்குப் புதிதல்ல. லயத்து வீட்டில் பத்திரங்களெல்லாம் தகரப் பெட்டிக்குள் இருக்கும். சாவி பாட்டியின் முந்தானையில் இருக்கும். அவற்றை ஸ்கேன் செய்து, பூட்டே இல்லாத பெட்டியில் போட்டது படித்த பேத்தி.

"குடும்பத்துக்குள்ள என்ன ஒளிவுமறைவு?" என்றார் அப்பா. எனக்கு அது சரியாகப் படவில்லை. அம்மா தம் நோயைச் சொந்தத் தங்கைகளிடம்கூடச் சொல்லவில்லை. யாரிடம், எப்போது சொல்வது என்பது அவர் முடிவு. 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிக நிறுவனங்களுக்கானது. வீட்டு விவகாரங்களுக்கு அதில் விலக்கு உண்டு. ஆகவே வரவேற்பறைக்குள் நாம்தான் காவல்.

வெளியாள் வரும் வழி வேறு. 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் 'மை புக் லைவ்' வைத்திருந்த பலர், தங்கள் கோப்புகள் அடியோடு அழிந்திருக்கக் கண்டார்கள். அந்தக் கருவிகளுக்கு 2015க்குப் பின் புதுப்பிப்பே வரவில்லை. 2022 ஜனவரியில் 'டெட்போல்ட்' என்ற மென்பொருள், கியூநாப் பெட்டிகளில் இருந்த கோப்புகளைப் பூட்டிவிட்டு 0.03 பிட்காயின் கேட்டது. இரண்டிலும் மாட்டியவை இணையத்திலிருந்து நேரடியாக எட்டக்கூடிய கருவிகள். கல்லூரியிலிருந்து வீட்டுப் படங்களைப் பார்க்கும் ஆசையில் நானும் அந்தக் கதவைத் திறந்துதான் வைத்திருந்தேன். இப்போது மூடிவிட்டேன்.

விருந்தினருக்குத் தனி வைஃபை கொடுத்துவிட்டோம். பெரும்பாலான ரவுட்டர்களில் அந்த வசதி இருக்கிறது. இணையம் கிடைக்கும், வீட்டுப் பெட்டி தெரியாது. வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு. பெட்டியே திருடுபோனாலும் படிக்க முடியாதபடி வன்தட்டுகளைக் குறியாக்கமும் செய்தாயிற்று. அதன் சாவிச்சொல் தொலைந்தால் நமக்கும் கோப்பு கிடைக்காது என்பதால் அதைத் தாளில் எழுதி வைத்திருக்கிறோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரண்டு வன்தட்டு இருந்தால் இரண்டு பிரதி இருப்பதாக நினைத்திருந்தேன். ஒன்றை மற்றொன்று அப்படியே பின்பற்றும்படி அமைத்திருந்தால், ஒன்றில் அழிந்தது அந்தக் கணமே மற்றதிலும் அழிந்துவிடும். ஒரு தட்டு பழுதானால் மட்டுமே அது கைகொடுக்கும். இப்போது மாதம் ஒருமுறை வெளி வன்தட்டில் பிரதி எடுத்து, கம்பியைக் கழற்றி, அத்தை வீட்டு அலமாரியில் வைக்கிறோம். அதுவும் குறியாக்கம் செய்ததுதான்.

அம்மாவின் கோப்புறைக்கு அம்மாவே கடவுச்சொல் வைத்தார். எனக்கு அது தெரியாது. உறையில் போட்டு ஒட்டி, பாட்டியின் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறார்.