மேற்கே பறந்தால் நேரம் மிச்சமா?

பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால், மேற்கு நோக்கிப் பறக்கும் விமானத்தை அதன் இலக்கு எதிர்கொண்டு வந்து சேர்கிறது என்றும், அதனாலேயே கொச்சியிலிருந்து துபாய் செல்ல இரண்டரை மணி நேரமும் திரும்பி வர ஐந்தரை மணி நேரமும் ஆகின்றன என்றும் வளைகுடாப் பயணிகளிடையே ஒரு கருத்து பரவலாக வழங்கி வருகிறது.

இக்கருத்துக்குச் சான்றாகக் காட்டப்படுவது பயணச்சீட்டு. ஆனால் சீட்டில் புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊர்க் கடிகாரத்தின்படியே அச்சிடப்படுகின்றன. இந்திய நேரம் துபாய் நேரத்தைவிட ஒன்றரை மணி முந்தியது. அதனைப் போகும்போது கூட்டி, வரும்போது கழித்தால் இரு திசைகளிலும் ஏறத்தாழ நான்கு மணி நேரமே எஞ்சுகிறது.

சான்று விழுந்த பிறகும் சுழற்சி வாதம், அறிவியல் போலத் தோன்றுவதால், தனித்து நிற்கிறது. தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர் (போடி) அமைந்துள்ள பத்துப் பாகை அட்சரேகையில் நிலம் மணிக்கு ஏறத்தாழ 1,650 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே நகர்கிறது என்பது உண்மையே. எனினும் காற்று மண்டலமும் நிலத்தோடு சேர்ந்தே சுழல்கிறது; அவ்வாறு இல்லையெனில் அவ்வூருக்கு மேலுள்ள மலைப்பகுதியான போடிமெட்டில் அதே வேகத்தில் கீழைக்காற்று வீசி, ஏலச்செடியோ அதற்கு நிழல் தரும் மரமோ ஒன்றுகூட நின்றிராது. மேலும், மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே வரும் விமானத்திடமிருந்து ஊர் அதைப்போல் இரு மடங்கு வேகத்தில் விலகி ஓடுமாயின், வளைகுடா சென்றவர் எவரும் வீடு திரும்பியிருக்க இயலாது.

போக்குக்கும் வரவுக்கும் இடையே மெய்யாகவே காணப்படும் சில நிமிட வேறுபாட்டுக்குக் காரணம் மேல்வளிக் காற்றாகும். குளிர்காலத்தில் வட இந்தியா முதல் வளைகுடா வரையுள்ள வானில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்றோட்டம், அதாவது பல கிலோமீட்டர் உயரத்தில் குறுகிய பட்டையாக விரையும் வலிய காற்று, துபாய் நோக்கிச் செல்லும் விமானத்தை எதிர்த்து, திரும்பும் விமானத்தைத் தள்ளிவிடுகிறது. தென்மேற்குப் பருவகாலத்திலோ தென்னிந்தியாவின் மேல் இதற்கு நேர்மாறான கீழை ஜெட் காற்றோட்டம் ஓடுகிறது. இந்திய வானிலையாளர் பி. கோடீஸ்வரம் 1950களில் விளக்கிய இதன் உச்ச வேகம் விமானங்கள் பறக்கும் உயரத்துக்கும் மேலே அமைந்திருப்பினும், கீழ்விளிம்பு மேற்கே செல்வோருக்குச் சற்று உதவுகிறது. சுழற்சியே நேரடிக் காரணமாயின், அவ்வேறுபாடு இவ்வாறு பருவத்துக்குப் பருவம் திசை மாறாது.

கடல் ஓரமாக, மேற்கே, இருப்பதால் கொச்சியில் ஏறுவதே போடிக்காரருக்கு நேரம் மிச்சம் என்பது இக்கருத்தின் கிளை. நேர்வான் தூரம், அதாவது பூமியின் வளைந்த பரப்பின் மீது இரு நிலையங்களை இணைக்கும் மிகக் குறுகிய வழி, கொச்சி–துபாய்க்குச் சுமார் 2,780 கிலோமீட்டரும் மதுரை–துபாய்க்குச் சுமார் 2,950 கிலோமீட்டரும் ஆகும். இவ்வேறுபாட்டைக் கடக்க விமானத்துக்குப் பன்னிரண்டு நிமிடம் போதும். ஆனால் மதுரை விமான நிலையம் ஆண்டிபட்டி, உசிலம்பட்டி வழியே நூறு கிலோமீட்டரை ஒட்டிய தொலைவில் இருக்க, கொச்சி நிலையமோ போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் மூணாற்றையும் நேரியமங்கலத்தையும் கடந்து, 170 கிலோமீட்டருக்கு மேல், பெரும்பாலும் மலைப்பாதையில், சென்றால்தான் வரும். மதுரையிலிருந்து நேரடி விமானம் கிடைக்கும் நாளில், அந்தப் பன்னிரண்டு நிமிடத்தைச் சேமிக்க முனைபவர் மலையிலேயே இரண்டு மணி நேரத்துக்கு மேல் செலவிட வேண்டியிருக்கும்.